கைக்காசும் கையெழுத்தும்

அரபு மொழியில் ‘நக்து’ என்றொரு சொல் உண்டு. ரொக்கப் பணம் என்று அதற்கு இன்று பொருள் கொள்கிறோம். ஆதியில் அச்சொல் குறித்தது காசைச் சோதிக்கும் செயலை. நல்ல திர்ஹத்தையும் கள்ள திர்ஹத்தையும் தட்டிப் பார்த்து, உரசிப் பார்த்துப் பிரித்தெடுப்பதற்கே நக்து என்று பெயர். அவ்வாறு பிரித்தெடுத்து அப்போதே கையில் வைக்கப்படும் காசும் நாளடைவில் அப்பெயரைப் பெற்றது. பின்னர் இலக்கியத்தில் நல்லதையும் அல்லதையும் பிரித்துக் காட்டும் திறனாய்வுக் கலைக்கும் அரபுப் புலவர்கள் இதே சொல்லையே சூட்டினர்.

நம் தமிழும் இதற்கு இளைத்ததன்று. நாணயம் என்றால் காசு. நாணயம் என்றால் நேர்மை. இரு மொழிகளைப் பேசிய முன்னோரும், பணம் என்ற பொருளுக்குப் பின்னால் ஒரு சோதனையையும் ஒரு நம்பிக்கையையும் கண்டிருக்கிறார்கள். கைக்காசா, அட்டையா என்று வீட்டுக்கு வீடு பேச்சு நடக்கும் இக்காலத்தில், இவ்விரு சொற்களும் நம் நினைவை விட்டு அகலுவதில்லை.

சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மாதம் இருமுறையேனும் அங்குச் சென்று வருவது நம் வழக்கம். அண்மையில் ஒரு பிற்பகலில் நூலகத்தை விட்டு வெளியே வந்து, அருகிலிருந்த புதிய தேநீர்க் கடை ஒன்றில் நுழைந்தோம். நமக்கு முன்னால் ஓர் அம்மையார் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தார். அடையாற்றின் கரையிலுள்ள குடியிருப்பைச் சேர்ந்தவர். வீடுகளில் வேலை செய்து பிழைப்பவர். பிள்ளைக்கு ஒரு பன் கேட்டு ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டினார். கல்லாவில் இருந்த இளைஞர் நோட்டை வாங்கவில்லை. மேசைமேல் இருந்த பலகையைச் சுட்டிக்காட்டினார். அட்டை, அல்லது கைப்பேசி. ரொக்கம் இல்லை என்று அதில் எழுதியிருந்தது.

நாம் நம் அட்டையைக் கொடுத்துப் பன்னை வாங்கித் தந்தோம். அம்மையார் நகரவில்லை. “காசு இருக்குது பாய். ஓசியில வாங்கினதா ஆயிடக் கூடாது” என்று சொல்லி, அந்த நோட்டை நம் கையில் வைத்து, மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்ட பிறகே படியிறங்கினார்.

அந்த அம்மையாருக்கும் கடைக்கும் நடுவில் நாம் ஒரு நொடி ‘சராப்பு’ ஆனோம் என்று தோன்றிற்று. பணம் மாற்றித் தருபவரை அரபியில் ‘சர்ராஃப்’ என்பர். அதுவே தமிழில் சராப்பு என்றும், ஆங்கிலேயர் நாவில் ‘ஷ்ராஃப்’ என்றும் ஆயிற்று. கையில் காசை வைத்துக்கொண்டே ஒருவர் காசில்லாதவராக நிற்கும் நிலை புதியதுதானா? அந்தக் கேள்வியோடு மீண்டும் நூலகப் படியேறினோம். அங்குத் தேடியதும் முன்பு கற்றதும் சேர்ந்ததே இக்கட்டுரை.

பஸராவின் கடைவீதி

அட்டை என்பது மேல்நாட்டார் கண்ட புதுமை என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அட்டை வேண்டுமானால் புதிது. 1950ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் டைனர்ஸ் கிளப் தொடங்கப்பட்டபோது அது வெறும் காகித அட்டையாகவே இருந்தது. நம் நாட்டில் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா 1980ஆம் ஆண்டு கடன் அட்டையை வெளியிட்டது. 1987ஆம் ஆண்டு பம்பாயில் முதல் ஏ.டி.எம். இயந்திரம் வந்தது. ஆனால் அட்டைக்குள் இருக்கும் கருத்து ஆயிரம் ஆண்டுகள் பழையது.

பாரசீகப் பயணியும் கவிஞருமான நாஸிர் குஸ்ரவ் 1051ஆம் ஆண்டு பஸரா நகருக்கு வந்தார். அங்குள்ள கடைவீதியின் வழக்கத்தைத் தம் பயண நூலில் குறித்து வைத்திருக்கிறார். வணிகர் தம்மிடமுள்ள பணத்தைச் சர்ராஃபிடம் ஒப்படைத்துச் சீட்டுப் பெற்றுக்கொள்வர். பின்னர் எந்தக் கடையில் எதை வாங்கினாலும் அதன் விலையைச் சர்ராஃபின் கணக்கில் எழுதிவிடுவர். நகரில் தங்கியிருக்கும் வரை கைக்காசுக்கு வேலையே இல்லை. இன்றைய வங்கி அட்டையின் இயல்பு இதனின்றும் எள்ளளவும் வேறுபட்டதன்று.

இதற்கும் ஒரு நூற்றாண்டு முன்பு வாழ்ந்த புவியியலார் இப்னு ஹவ்கல், சஹாரா பாலைவனத்தின் தென்கரையிலுள்ள அவ்தகுஸ்த் நகரில் 42,000 தீனாருக்கு எழுதப்பட்ட ‘சக்’ என்னும் கடன் பத்திரத்தைத் தாம் பார்த்ததாக எழுதுகிறார். சிஜில்மாஸா நகரத்தார் ஒருவருக்குச் சேரவேண்டிய தொகை அது. ஒட்டகங்கள் இரண்டு திங்கள் நடந்து கடக்கும் மணல்வெளியில் அத்தனை பொன்னைச் சுமந்து செல்பவன் உயிரோடு சேர்வானா? எனவே பொன் இருந்த இடத்தில் இருந்தது; எழுத்துப் பயணம் செய்தது.

எழுத்தின் மீது இந்தச் சமுதாயத்திற்கு இத்துணைப் பற்று எங்கிருந்து வந்தது? குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எது என்று நம் மதரஸாப் பிள்ளையைக் கேட்டால், பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் என்று உடனே சொல்லும். அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது.

மதீனாவின் சீட்டுகள்

அவ்வாறாயின் எழுதிய சீட்டெல்லாம் நலமே செய்ததா? இல்லை. இமாம் மாலிக் அவர்களின் ‘முவத்தா’ ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்கிறது. மர்வான் இப்னு ஹகம் மதீனாவின் ஆளுநராக இருந்த காலம். செங்கடல் துறைமுகமான அல்ஜார் களஞ்சியத்தில் தானியம் பெற்றுக்கொள்ளுமாறு மக்களுக்குச் சீட்டுகள் வழங்கப்பட்டன. தானியம் கைக்கு வருமுன்பே சீட்டுகள் கைமாறத் தொடங்கின. ஒருவர் வாங்கி மற்றவருக்கு விற்றார். அவர் இன்னொருவருக்கு விற்றார். களஞ்சியத்தில் கோதுமை அசையாமல் கிடக்க, கடைவீதியில் அதன் நிழலுக்கு விலை பேசப்பட்டது.

நபித்தோழர் ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்கள் இன்னொரு தோழருடன் ஆளுநரிடம் சென்று இதனைக் கண்டித்தார்கள். மர்வான் காவலரை அனுப்பினார். அவர்கள் கடைவீதியில் சீட்டுகளைப் பறித்து உரியவர்களிடம் திருப்பித் தந்தனர்.

இந்நிகழ்ச்சியில் நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. சீட்டு வழங்குவதை அத்தோழர்கள் தடுக்கவில்லை. பொருளை விட்டு எழுத்துப் பிரிந்து, தனியே விலைபோவதையே தடுத்தார்கள். பிற்கால ஃபிக்ஹு அறிஞர்கள் ‘கப்ளு’ என்னும் கைப்பற்றுதலைப் பற்றி ஏடு ஏடாக எழுதியதன் காரணம் இதுதான். யார் கையில் இருக்கிறது, எப்போது வந்து சேர்ந்தது, இடையில் கெட்டால் இழப்பு யாருக்கு என்பன அவர்கள் கேட்ட கேள்விகள்.

வெள்ளி விலை போகாத நாடு

ஹிஜ்ரி 77ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 696-697இல், கலீஃபா அப்துல் மலிக் உருவம் பொறிக்காத தீனாரை அச்சிட்டார். நாலேகால் கிராம் எடையுள்ள பொன் அது. பொன்னை யார் எடை போட்டாலும் பொன்தான். மன்னன் மாறினாலும் அதன் மதிப்பு முற்றும் அழிவதில்லை. ஆனால் மன்னனின் ஆணையை மட்டுமே நம்பி நிற்கும் பணம் எப்படிப்பட்டது என்பதற்கு ஏறத்தாழ ஒரே காலத்தைச் சேர்ந்த இரண்டு சான்றுகள் உள.

முதலாவது டில்லி. முஹம்மது பின் துக்ளக் 1330ஆம் ஆண்டையொட்டி வெள்ளித் தங்காவுக்கு ஈடாகப் பித்தளை, செம்புக் காசுகளை வெளியிட்டார். கள்ளக் காசு அடிப்பதைத் தடுக்க வழி செய்யவில்லை. பட்டறை வைத்திருந்தவரெல்லாம் அக்காசை அடித்துக்கொண்டனர். ஒரு சில ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது. கொண்டுவந்து கொட்டிய செப்புக்கெல்லாம் கருவூலம் பொன்னும் வெள்ளியும் கொடுத்து ஓய்ந்தது.

இரண்டாவது சீனம். நம் மஅபர் கரைக்கும் வந்து சென்ற இப்னு பதூதா, சீன தேசத்தில் தீனாரும் திர்ஹமும் செல்லா என்று எழுதுகிறார். உள்ளங்கை அளவுள்ள, அரசனின் முத்திரை பதித்த காகிதமே அங்குப் பணம். வெள்ளிக் காசுடன் கடைவீதிக்குச் செல்பவனிடம் அதனை வாங்குவாரில்லை. அவன் அதைக் காகிதமாக மாற்றிய பிறகே எதையும் வாங்க முடியும். கோட்டூர்புரத்துக் கடையில் நோட்டை நீட்டி நின்ற அம்மையாரை இப்னு பதூதா கண்டிருந்தால், தம் பழைய அனுபவத்தை நினைத்துக்கொண்டிருப்பார்!

சென்னப்பட்டணத்துக் கணக்கு

இனி நம் ஊருக்கு வருவோம். ஆங்கிலத்தில் ரொக்கத்தைக் ‘கேஷ்’ என்பது நம் ‘காசு’ என்ற சொல்லிலிருந்தே பிறந்தது என்று மேடைகளில் சொல்லக் கேட்கிறோம். இதில் பாதி உண்மை. ரொக்கம் என்று பொருள்படும் ‘கேஷ்’, பணப் பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது. ஆனால் சென்னையில் கம்பெனியார் கணக்கில் ‘கேஷ்’ என்ற பெயரிலேயே ஒரு செப்புக் காசு இருந்தது. அது போர்த்துக்கீசியர் வாய்வழி சென்ற நம் காசேதான். 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். ஆக, ஒரு வராகனுக்கு 3,360 காசு! 1818ஆம் ஆண்டு ரூபாயை அடிப்படை நாணயமாக்கி, 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று வரையறுக்கும் வரை பட்டணத்துக் கணக்கு இப்படியே நடந்தது.

இத்தனை வகைக் காசு புழங்கிய ஊரில் சராப்பு இல்லாமல் ஒரு நாளும் கழியாது. ஏழையின் செப்புக் காசுக்கு ஒரு பணம் எத்தனை என்பதை அவரே சொல்வார், தரகும் எடுப்பார். இன்றும் அட்டையைத் தேய்க்கும்போது பெரும்பாலும் கடைக்காரரிடமிருந்து ஒரு சிறு பங்கு வங்கிக்குச் செல்கிறது. சராப்பு போய்விடவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்திற்குக் குடிபெயர்ந்திருக்கிறார்.

காசோடு எழுத்தும் இங்கே வாழ்ந்தது. ‘உண்டியல்’ என்ற சொல்லைப் பாருங்கள். பள்ளிவாசல் வாயிலில் சில்லறை விழும் பெட்டியும் உண்டியல். ரங்கூனிலும் பினாங்கிலும் எழுதிக் கொடுத்து, ஊரில் பணம் பெற்றுக்கொண்ட மாற்றுச் சீட்டும் உண்டியல். நாட்டுக்கோட்டை நகரத்தாரும் நம் கடல்வணிகக் குடும்பங்களும் அச்சீட்டை நம்பியே கடல் கடந்து வாழ்ந்தனர். வெளிநாட்டிலிருந்து அவ்வழியில் பணம் அனுப்புவது இன்று சட்டப்படி குற்றம். ஆயினும் கைக்காசையும் கையெழுத்தையும் ஒரே சொல்லால் அழைத்த மரபு நமக்குரியது.

அந்த எழுத்து பொய்த்த நாளும் உண்டு. 1906ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையின் பெருங்கம்பெனியான அர்பத்நாட் முறிந்தது. அதன் பெருமையை நம்பிப் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் கையில் வெறும் காகிதமே மிஞ்சிற்று. அதன் தலைவர் சிறைத் தண்டனை பெற்றார். அந்த அதிர்ச்சியிலிருந்து, மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால், 1907ஆம் ஆண்டு இந்தியன் வங்கி பிறந்தது. எழுத்தால் ஏமாந்த ஊர் எழுத்தைத் துறக்கவில்லை. நாணயமான கையைத் தேடிற்று.

இரண்டு டிசம்பர்கள்

நம் காலத்திற்கு வருவோம். 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையில் அடையாறு கரை புரண்டது. கோட்டூர்புரத்தில் ஆற்றோரக் குடியிருப்புகள் நீரில் மூழ்கின. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, ஏ.டி.எம். இயந்திரங்கள் ஊமையாயின. நகரின் பள்ளிவாசல்கள் பல திறந்துவிடப்பட்டு, வந்தவர்க்கெல்லாம் சோறும் இடமும் தந்தன. நம் மஹல்லா இளைஞர்களுடன் உணவுப் பொட்டலங்கள் எடுத்துக்கொண்டு நாமும் அப்பகுதிக்குச் சென்றோம். ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர், நல்ல மாடி வீட்டுக்காரர், நம்மிடம் வந்து தயங்கி நின்றார். சட்டைப் பையில் மூன்று அட்டைகள் இருந்தன. பேத்திக்குப் பால் வாங்கக் கையில் பத்து ரூபாய் இல்லை. அதே தெருவில் குடிசைப் பெண்கள் நனைந்த நோட்டுகளைத் துணி காய்வது போலக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தனர். அன்று அவர்களே செல்வர்!

ஓராண்டு கழிந்தது. 2016ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இரவு, ஐந்நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லா என்று அறிவிப்பு வந்தது. நாட்டில் புழங்கிய நோட்டுகளின் மதிப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு அவை. ஏ.டி.எம். வாயிலில் ஒரு நாளைக்கு முதலில் 2,000 ரூபாய், பிறகு 2,500 ரூபாய் என்று வரையறை. இம்முறை அட்டை வைத்திருந்த அதிகாரிக்குக் கவலையில்லை. பெரிய கடைகள் அவருக்குத் திறந்திருந்தன. நாட்கூலிக்காரரும் வீட்டு வேலை செய்வோரும் தங்கள் சொந்தப் பணத்திற்காக வரிசையில் நின்றனர்.

டிசம்பர் 12ஆம் நாள், மீலாது நாளை ஒட்டி, வர்தா புயல் சென்னையைத் தாக்கிற்று. மரங்கள் சாய்ந்தன, மின்கம்பிகள் அறுந்தன, இணையம் தடுமாறிற்று. ரொக்கம் முன்பே இல்லை. இப்போது அட்டை இயந்திரமும் இல்லை. கைக்காசு, அட்டை என்ற இரண்டு கதவுகளும் ஒரே நாளில் அடைபட்டன.

அன்று நம் தெருவில் எது ஓடிற்று தெரியுமா? மளிகைக் கடை அண்ணாச்சியின் கணக்கு நோட்டு! மெழுகுவத்தி வெளிச்சத்தில், “அரிசி அஞ்சு கிலோ, பாய் வீடு” என்று அவர் பென்சிலால் எழுதிய வரியே அந்த வாரம் நமக்குச் சோறு போட்டது. எழுதிக்கொள்ளுங்கள் என்ற பழைய கட்டளையின் நன்மையை அன்று கண்ணாரக் கண்டோம்.

செல்லாது என்று அறிவித்த நோட்டுகளில் 99.3 விழுக்காடு திரும்ப வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கி 2018ஆம் ஆண்டு அறிவித்தது. அதன்பின் நடந்ததை நோக்குங்கள். 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கப்பட்ட யு.பி.ஐ. முறையில், 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மட்டும் 2,000 கோடிக்கு மேற்பட்ட கொடுக்கல் வாங்கல்கள் நடந்தன. ரொக்கம் அதனால் அழிந்ததா? 2025 மார்ச் மாதத்தில் மக்களிடம் புழங்கிய நோட்டுகளின் மதிப்பு, அறிவிப்புக்கு முன்பிருந்ததைப் போல் இரு மடங்குக்கும் மேல். மக்கள் ஒன்றை விட்டு ஒன்றைப் பற்றவில்லை, இரண்டையும் வைத்துக்கொண்டார்கள்.

ஐரோப்பாவில் முதன்முதல் வங்கி நோட்டு வெளியிட்ட நாடு ஸ்வீடன், ஆண்டு 1661. இன்று அங்குக் கடைகளில் ரொக்கம் காண்பது அரிது. அந்நாட்டு அரசே 2024ஆம் ஆண்டு வீடுதோறும் அனுப்பிய நெருக்கடிக்கால வழிகாட்டி நூலில், ஒரு வாரச் செலவுக்கேனும் ரொக்கம் வைத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தியது.

நாம் கொள்ள வேண்டியது

இவ்வரலாறு முழுவதிலும் ஒரு செய்தி ஓடுகிறது. காசும் எழுத்தும் பகைவர் அல்ல. பஸராவிலும் சென்னையிலும் அவை ஒரே கடைவீதியில் வாழ்ந்தவை. ஒரு கதவை வலிந்து அடைத்த போதெல்லாம் துன்பம் வந்தது; அத்துன்பம் எளியவர் வாசலுக்கே முதலில் சென்றது.

அட்டையை விலக்கத் தேவையில்லை. கணக்கில் வரவு வைப்பதும் கைப்பற்றியதற்கு ஒப்பாகும் என்று இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹு பேரவை 1990ஆம் ஆண்டு ஜித்தாவில் முடிவு செய்தது. அதே பேரவை 2000ஆம் ஆண்டு ரியாதில் கூடிக் கடன் அட்டைகளை ஆராய்ந்தது. வட்டி நிபந்தனையுள்ள அட்டை கூடாது என்றது. கடைக்காரரிடம் வங்கி தரகு பெறலாம். ஆனால் ரொக்கத்திற்கு என்ன விலையோ அதே விலைக்குத்தான் அட்டைக்கும் விற்க வேண்டும் என்றும் வரையறுத்தது. இரு வழியில் வருபவரும் ஒரே விலையில் ஒரே கடையில் சமமாக நிற்க வேண்டும் என்ற நீதி அதில் இருக்கிறது. ரொக்கம் கொண்டுவருபவரைத் திருப்பியனுப்பும் பலகைக்கு அந்த நீதியில் இடம் உண்டா என்பதைக் கடை வைத்திருக்கும் நம்மவர் எண்ணிப் பார்க்கட்டும்.

நாட்டின் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 1934ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டம் நோட்டையும், 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் காசையும் செல்லுபடியாகும் பணம் என்கின்றன. ரிசர்வ் வங்கி வெளியிடும் ஒவ்வொரு நோட்டின் மீதும், அதைக் கொண்டுவருபவருக்குத் தொகை தருவதாக வங்கித் தலைவரின் உறுதிமொழி அச்சாகியிருக்கிறது. பின்புறத்தில் நம் தமிழ் உட்படப் பதினைந்து மொழிகளில் தொகையின் பெயர் உள்ளது. அந்த ஐம்பது ரூபாயும் அப்படிப்பட்ட ஒரு வாக்குறுதியே. அம்மையார் அதனைத் தம் உழைப்புக்கு ஈடாகப் பெற்றார். கடைக்காரர் அதனைக் காகிதமாகக் கண்டார்.

நம் இல்லங்களுக்குச் சில சொற்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் ஒரு வாரச் செலவுக்கான ரொக்கத்தைச் சிறு நோட்டுகளாக வீட்டில் வையுங்கள். அட்டையில் வாங்கியதை அன்றன்றே ஒரு நோட்டில் எழுதுங்கள். கையிலிருந்து போகும் காசு தன் குறைவைத் தானே காட்டும், அட்டை காட்டாது. வேலைக்கு வருபவரிடம் கூலி எப்படி வேண்டும் என்று கேட்டுக் கொடுங்கள். வாங்குபவர் விருப்பமே முறை. பிள்ளைகள் கையில் ஒரு காசைக் கொடுத்துப் பள்ளிவாசல் உண்டியலில் போடச் சொல்லுங்கள். கொடுத்தல் என்பது கையின் செயல் என்று அவர்கள் அறிந்த பிறகு, அட்டையைப் பழகுவது எளிது.

அந்த ஐம்பது ரூபாய் நோட்டை நாம் இன்னும் செலவழிக்கவில்லை. முவத்தாவின் பக்கங்களுக்கிடையில் இருக்கிறது. ஓசியாக எதையும் ஏற்க மறுத்த ஓர் எளிய பெண்ணின் நாணயம் அதில் இருக்கிறது. எவருடைய நாணயத்தையும் தள்ளாத மனத்தை வல்ல அல்லாஹ் நம் வணிகர்களுக்கும் நமக்கும் அருள்வானாக!